அரைக் கட்டை

குளுவாங்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள சாருமதிக்கு,

கைப்பேசியில் என்னை பிளாக் செய்துவிட்டாய். வீட்டுக்கு அழைத்தால் நாராயணன் அண்ணன் எடுத்து, "அவ குளிக்கிறாம்மா" என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், மாலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய். அதனால்தான் அஞ்சல்தலை வாங்கி ஒட்டுகிறேன். எழுதுவது கணக்கு டீச்சர், நடை கொஞ்சம் வறண்டுதான் இருக்கும். பொறுத்துக்கொள்.

மதிவாணன் உளறிய பாதியை வைத்துக்கொண்டு நீ கோபப்படுகிறாய். முழுதையும் நானே சொல்லிவிடுகிறேன். பங்குனி உத்திரத்தன்று பாலோ முருகன் கோயிலில், நீ புடவை மாற்றப் போயிருந்த நேரத்தில், சுருதிப்பெட்டியை ஐந்தரைக் கட்டையிலிருந்து ஐந்துக்கு இறக்கி வைத்தவள் நான்தான். மிருதங்கத்தையும் அந்தச் சுருதிக்கே சேர்க்க வேண்டுமே, அதனால் மதிவாணனுக்கும் சொன்னேன். உனக்கு மட்டும் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்காமலே கத்தினாய். ஒரு வருடமாகவே, மேலே தார ஸ்தாயியில் காந்தாரத்தைத் தொடும்போது உன் குரலில் ஒரு கிழிசல் விழுகிறது. சபையில் யாருக்கும் கேட்காது. உன் குரலை ஒட்டியே வாசிக்கிற எனக்குக் கேட்கிறது. அந்த இடங்களில் வயலின் வில்லைக் கொஞ்சம் அழுத்தி மூடிவிடுவேன். அன்று ஒத்திகையில் மூட முடியாத அளவுக்குக் கிழிந்தது. சொன்னால் நீ மேடையே ஏற மாட்டாய் என்று பயந்துதான் இறக்கினேன்.

இறக்கியதற்கு நான் வருந்தவில்லை. சொல்லாததற்கு வருந்துகிறேன். ஆனால் அன்னதான வரிசையில், கோயில் தலைவர் சதாசிவம் சாம்பார் வாளியோடு நிற்க, "துரோகி" என்றாயே, அது எனக்கும் வலித்தது. டாக்டரிடம் தொண்டையைக் காட்டு.

பிரேமளா


ஜொகூர் பாரு
29 ஏப்ரல் 2025

பிரேமளா,

'அன்புள்ள' போட மனம் வரவில்லை. அதனால் போடவில்லை.

ஆமாம், குளித்துக்கொண்டுதான் இருந்தேன். நீ மூட்டிய எரிச்சலுக்கு ஸ்கூடாய் ஆற்றில் போய் இறங்கினாலும் தணியாது.

ஏழு சுரத்தில் மற்றதெல்லாம் ஏறும் இறங்கும். ஸ, ப இரண்டும்தான் அசையாதவை என்று சரளி வரிசை படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த 'ஸ' எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் யார்? பாடுகிறவள். பதினேழு வயதில் என் ஷட்ஜத்தை ஐந்தரைக் கட்டையில் வைத்தேன். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நாள் முழுக்கப் போனில் கத்தி, அத்தனைக்கும் நடுவில் அதை அரைக் கட்டைகூடக் கீழே விட்டதில்லை. நீ என்னடாவென்றால் புடவை மாற்றுகிற நேரத்தில் இறக்கிவிட்டாய்.

பாடும்போது உனக்கே தெரியவில்லையா என்று கேட்பாய். தொண்டை சுகமாக இருந்ததடி! முருகன் அருள் என்று நினைத்துவிட்டேன். உன் அருள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கச்சேரி முடிந்ததும் தலைவர் வந்தார். "அம்மா, பத்து வருசத்துல இப்படி ஒரு பாட்டு நாங்க கேட்டதில்ல" என்றார். அப்படியே பூரித்துப்போனேன். என் குரல் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். பின்னாலேயே மதிவாணன் வடையைக் கடித்துக்கொண்டு, "அஞ்சு கட்டை அக்காவுக்கு நல்லா சூட் ஆகுது லா" என்றான். கொடுத்ததைக் கையிலிருந்து பிடுங்கின மாதிரி இருந்தது. என் வாழ்நாளின் நல்ல கச்சேரி என்று நினைத்தேன், அது என்னுடையதே இல்லை.

நவராத்திரிக்கு இங்கே கோயிலில் சிங்கப்பூர் லோஷினி எனக்கு வாசிப்பாள். பேசி முடித்தாகிவிட்டது. தொண்டையில் ஒன்றுமில்லை. ஆபீஸ் ஏர்கானால் காலையில் கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான்.

சாருமதி


குளுவாங்
18 மே 2025

அன்புள்ள சாருமதிக்கு,

நான் இன்னும் 'அன்புள்ள' போடுகிறேன். பழக்கம்.

உன் ஷட்ஜம் உன்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். என்னுடையது எது என்று நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா? இத்தனை வருடமாக உன் பெட்டிக்குத்தான் என் தந்திகளைச் சேர்க்கிறேன். நீ ஏறினால் ஏறினேன், உனக்குச் சளி பிடித்தால் எனக்கும் பிடித்த மாதிரி வாசித்தேன். பக்கவாத்தியம் என்றால் அப்படித்தான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கூடவே வருகிறவளுக்கு வழுக்குகிற இடம் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வா என்றால் எப்படி?

சென்ற வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு இருமிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கிவிட்டாயாம். மதிவாணன் சொன்னான். ஏர்கான் என்று என்னிடம் சொல்லாதே.

இன்னொன்று. இன்று காலை நாராயணன் அண்ணனை அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுபடியும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். இந்த முறையாவது செய்த அன்றைக்கே எழுதுகிறேன், அந்த அளவுக்குத் திருந்தியிருக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. திட்டிவிட்டு டாக்டரிடம் போ.

பிரேமளா


ஜொகூர் பாரு
16 ஜூன் 2025

பிரேமளா,

உன்னைத் திட்ட நேரமில்லை. என் வீட்டுக்காரர் என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூக்கு வழியாக ஒரு கேமரா விட்டார்கள். திரையில் என் குரல்நாண் தெரிந்தது. இத்தனை வருடம் இதை வைத்துத்தானா பாடினேன் என்று ஒரு நிமிடம் ஆசையாகப் பார்த்தேன். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டி. டாக்டர் சீனர், நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "எடுத்துடணும், எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும், அதுக்கப்புறம்தான் என்னன்னு சொல்ல முடியும்" என்றார். நான் கேட்ட ஒரே கேள்வி, மறுபடி பாட முடியுமா என்பது. "முதல்ல ரிசல்ட் வரட்டும்" என்றார்.

நாளை மறுநாள் எடுக்கிறார்கள். அப்புறம் கொஞ்ச நாள் பேசவே கூடாதாம். உங்கள் வீட்டில் சொல்வீர்களே, கதைக்கவே கூடாதாம். என்னை யார் என்று தெரியாமல் சொல்லிவிட்டார்கள்.

பயமாக இருக்கிறதடி. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்னைவிட அதிகமாகப் பயப்படுவார், அப்புறம் நான்தான் தேற்ற வேண்டும். கெட்ட கட்டியாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம். நல்ல கட்டியாகவே இருந்து, குரல் போய்விட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம். இரண்டில் எதற்கு அதிகமாகப் பயப்படுகிறேன் என்று கேட்காதே. பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நீ வராதே. வந்தால் அழுதுவிடுவேன், அழுவதும் தொண்டைக்கு ஆகாதாம். எழுது.

சாரு


குளுவாங்
23 ஜூன் 2025

அன்புள்ள சாரு,

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று நாராயணன் அண்ணன் சொன்னார். "இப்ப வீடே அமைதியா இருக்கும்மா, எனக்குத் தூக்கமே வரல" என்றார். இது நீ கேட்க வேண்டிய புகழ்ச்சி.

கோயிலுக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை வைத்தேன். உன் நட்சத்திரம் சுவாதியா விசாகமா என்று குழப்பம் வந்துவிட்டது. ஐயரிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன். எது உன்னுடையதோ அதில் சேர்ந்துகொள்ளட்டும்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பள்ளியில் தேர்வுத்தாள் திருத்துகிறேன். வந்து வயலினை எடுக்கிறேன், வைக்கிறேன். ஐந்தரைக்குச் சேர்த்தால் உன் பழைய குரல் காதில் வருகிறது. ஐந்துக்கு இறக்கினால் பாலோ ஞாபகம் வருகிறது. இரண்டிலும் வாசிக்க முடியவில்லை. அப்படியே பெட்டியில் வைத்து மூடிவிடுகிறேன்.

நான் செய்த தப்பு இப்போதுதான் எனக்கே சரியாகப் புரிகிறது. இறக்கச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. நீயும் நானும் சண்டை போட்டிருப்போம், கச்சேரி தள்ளிப்போயிருக்கும், சதாசிவம் ஐயா தலையில் கை வைத்திருப்பார். போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும். பாடுகிறவளுக்குத் தெரியாமல் அவளுடைய ஆதார ஷட்ஜத்தில் கை வைக்கக் கூடாது. இதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மன்னித்துவிடு.

ரிசல்ட் வந்த உடனே சொல். கெட்டதாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்.

பிரேமளா


ஜொகூர் பாரு
21 ஜூலை 2025

அன்புள்ள பிரேமளா,

ஒன்றுமில்லை! சாதாரணக் கட்டி! கெட்டது எதுவும் கிடையாது, திரும்ப வெட்டவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். டாக்டர் சொன்னதும் அவர் எழுந்து நின்று டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். விடவே இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். என் தங்கைக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

கைப்பேசியில் உன்னை விடுவித்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுது. வாட்ஸ்அப்பில் நீ "ஓகே" மட்டும்தான் அனுப்புவாய்.

இப்போது மீதிக் கதை. சென்ற வாரமே குரல் பயிற்சிக்கு ஓர் அம்மாவிடம் அனுப்பினார்கள். புவான் நோராய்னி என்று பெயர், சின்ன வயது. பாடுங்கள் என்றாள். ஐந்தரைக்குப் பெட்டியைப் போட்டு 'ஸ' பிடித்தேன். நின்றது. 'ப' வரைக்கும் போனேன். மேல் ஸ வரவில்லை. வரவே இல்லை, காற்றுதான் வந்தது. ஐந்தில் போட்டேன், அதிலும் இல்லை. நாலில் போட்ட பிறகுதான் ஆரோகணம் முழுதாக வந்தது. நாலு கட்டை! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய் டிஷ்யூ பெட்டியை என் மடியில் வைத்துவிட்டாள்.

என்ன ஆச்சு, நன்றாகத்தானே பாடினீர்கள் என்று கேட்டாள். விளக்கினேன். எங்கள் ஸ ரி க ம உங்கள் டோ ரே மி மாதிரிதான், ஆனால் எங்கள் 'ஸ' ஒரே இடத்தில் நிற்பதில்லை, பாடுகிறவர் எங்கே வைக்கிறாரோ அதுதான் ஸ, மற்ற சுரமெல்லாம் அதைப் பார்த்து உட்காரும் என்றேன். ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையில் வைக்கிறோமோ அந்தக் கணக்கு என்றேன். டீச்சர் மாதிரி ரொம்ப அழகாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என்னை அக்கா முறை வைத்து மலாயில், "அப்போ இப்ப நாலுல வைங்க காக். அதுல என்ன அழுகை?" என்றாள்.

என் வாயாலேயே சொல்லிவிட்டு நானே முழித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, நாலு கட்டையில் சரளி வரிசையை முதலிலிருந்து பாடினேன். மெதுவாக, சின்னப் பிள்ளை மாதிரி. ஸ ரி க ம எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஒன்றுகூடத் தொலையவில்லை.

ஆனாலும் மனம் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன்.

சாரு


குளுவாங்
26 ஜூலை 2025

சாரு, என் தங்கமே,

வயிற்றில் பால் வார்த்தாய். கடிதத்தைப் பள்ளிக்கு எடுத்துப்போய் ஆசிரியர் அறையில் பிரித்தேன். முதல் வரியிலேயே அழுதுவிட்டேன். பக்கத்து மேசை யோகேஸ்வரி டீச்சர், யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள். "இல்ல, ஒருத்தி பிழைச்சிட்டா" என்றேன். கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் கறிபாப் வாங்கிக் கொடுத்தாள், என்ன விஷயம் என்றுகூடத் தெரியாமல்.

நாலு கட்டைக்குத் தந்தி சேர்த்துப் பார்த்தேன். வயலின் கொஞ்சம் முணுமுணுக்கிறது. பழகிவிடும்.

லோஷினி நன்றாக வாசிப்பாள். கவலைப்படாதே. நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.

பிரேமளா


ஜொகூர் பாரு
10 செப்டம்பர் 2025

அன்புள்ள பிரேமளா,

"நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்" என்று எழுதினாயே, அதை வாசித்துவிட்டு ஒரு மாதம் உன் மேல் கோபமாக இருந்தேன். பதில் வராததற்கு அதுதான் காரணம். "என்னைக் கூப்பிடு" என்று கேட்டால் வாய் வலிக்குமா உனக்கு?

லோஷினியோடு ஒரு நாள் பாடிப் பார்த்தேன். கெட்டிக்காரி, நல்ல பெண். நான் எங்கே போனாலும் அழகாகப் பின்னால் வந்தாள். நான் தவறின இடத்துக்கும் அழகாக வந்தாள். பாடி முடித்து எப்படி இருந்தது என்றேன். "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் தவறினால் தவறு என்று சொல்கிற ஆள்தான் எனக்கு வேண்டும் என்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "அப்ப நான் தம்புரா போடறேன், வயலினுக்கு உங்க ஃபிரண்டையே கூப்பிடுங்க" என்றாள்.

அதனால் இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை, நீ வருகிறாய். நாலு கட்டை. மதிவாணனிடம் நானே சொல்லிவிட்டேன், இந்த முறை நானே!

எனக்கு உதறல்தான். பாலோவிலிருந்து சதாசிவம் ஐயா வேன் பிடித்து ஆள் கூட்டி வருகிறாராம். பழைய சாருமதி எங்கே என்று கேட்கப் போகிறார்கள். 'ஆம்பளைக் குரல் மாதிரி ஆயிடுச்சு' என்று எங்கள் சொந்தத்தில் ஒரு ஆச்சி இப்போதே ஆரம்பித்துவிட்டார். பாட ஆரம்பித்து, நடுவில் காற்று மட்டும் வந்தால் அதோடு என் பாட்டு முடிந்தது. இன்னொரு தடவை மேடை ஏற எனக்குத் தைரியம் வராது. இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஒரே ஒரு விதி. மேடையில் என் குரல் சரியில்லை என்று உன் காதுக்குப் பட்டால், மூடாதே, ஒளிக்காதே. என் முழங்காலில் தட்டு.

உன் சாரு


குளுவாங்
29 செப்டம்பர் 2025

அன்புள்ள சாரு,

கோயில் வாசலில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாசிக்கிறப்பவே ஏன்டி அழுதே?" என்று கேட்டாய். சுற்றி அத்தனை பேர். எனக்கு அப்போது சொல்ல வரவில்லை. வண்டியோட்டிக்கொண்டு வரும்போது வந்தது. அதனால் எழுதுகிறேன்.

வர்ணம் நன்றாகப் போனது. முதல் கீர்த்தனையும் சரி. அடுத்ததில் நீ கீழே இறங்கி மந்திர ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டாய். அங்கே குரல் கரைந்துபோனது. நான் பயந்துபோனேன். ஆனால் நீ மேலே ஏறினபோது பார்த்தேன், தார ஸ்தாயியில் உனக்கு இடம் மிச்சம் இருந்தது. கிழிசல் இல்லை, இழுப்பு இல்லை, இன்னும் போகலாம் என்று குரலே சொன்னது. ஜூலையில் வைத்த இடம் இப்போது உனக்குத் தாழ்வு. உனக்கே அது தெரியவில்லை. சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். உன் விதிப்படி முழங்காலில் தட்டினேன்.

உன் முகம் வெளுத்துப்போனது. எதிரே சதாசிவம் ஐயாவும் அவர் கூட்டமும். பக்கத்திலேயே உங்கள் ஆச்சி. நீ என்னை ஏன் என்று கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அடியோடு பாட்டை நிறுத்தினாய். மைக்கில், "மன்னிக்கணும், என் குரலுக்கு இது ஒத்து வரல, சுருதிய இன்னும் கொஞ்சம் எறக்கிக்கிறேன்" என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாய். உன் விரல் பெட்டியின் திருகுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் அழுதேன். என் ஒரு தட்டலை நம்பி, அத்தனை பேருக்கு முன்னால், நாலுக்கும் கீழே இறங்க நீ தயாராக இருந்தாய்.

"எறக்காதடி, ஏத்து!" என்று நான் சொன்னது மைக்கில் விழுந்துவிட்டது. சபையே சிரித்தது. மதிவாணன், "அலமாக், இப்பவா அக்கா?" என்று முனகிக்கொண்டே சுருதி சேர்க்கும் கல்லைத் தேடினான். அவன் மிருதங்கத்தைத் தட்டித் தட்டி ஏற்றினான், நான் தந்தியை முறுக்கினேன், லோஷினி தம்புராவைச் சேர்த்தாள். எல்லோரும் உனக்காகக் காத்திருந்தார்கள். நாலரைக் கட்டையில் 'ஸ' பிடித்தாய். அதற்கு அப்புறம் என்ன பாடினாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. வில்லை மடியில் வைத்துவிட்டு வாசிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மதிவாணன் முறைத்த பிறகுதான் கையில் எடுத்தேன்.

பிரேமளா